ஏரி வறண்ட மாதங்களில் குதித்தவர்கள்

என் கணவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் நான் பூகோளம் கற்பித்த பெண்கள் பள்ளிக்கு அடுத்த மைதானத்தில் ஒரு விளையாட்டு விழா. மூன்று பேர் ஆகாயத்திலிருந்து குதித்துக் காட்டுவார்கள் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இரண்டு பேர் மைதானத்தில் சரியாக இறங்கினார்கள். மூன்றாமவரைக் காற்று தள்ளிக்கொண்டு வந்து, டீச்சர்கள் நாங்கள் சாயங்காலம் விளையாடும் பாட்மிண்டன் கோர்ட்டில் போட்டது. கைகொட்டிச் சிரித்த பிள்ளைகளை விலக்கிக்கொண்டு நான்தான் முதலில் ஓடினேன். உயரமான மனிதர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மன்னிக்கணும் சிஸ்டர். இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? செம்மண் பட்டா கறை போகாது."

பிடித்துக்கொண்டேன். கையில் அந்தத் துணி இருந்ததே தெரியவில்லை, அவ்வளவு லேசு. அது நழுவாமல் இருக்க இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் கயிறுகளைச் சேர்த்து முழங்கையில் சுற்றி முடிக்கும்வரை நின்றுவிட்டு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்துக் கேட்டேன்.

"பொம்பளைங்க குதிக்கலாமா?"

"கீழ தொங்குறது ஆம்பளையா பொம்பளையான்னு குடைக்குத் தெரியாதுங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, சுபேதார் சார்கிட்ட கேப்போம்."

குடை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பாராசூட் என்பது வெளியாட்கள் சொல்லும் வார்த்தை.

எங்கள் கூட்டம் சின்னது. சுபேதார் சார் ராணுவத்தில் பாராசூட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். சைக்கிளில் வரும்போதும் முதுகு வளையாது. பல்லாவரத்தில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ரயில்வேயில் கார்டு. அவரை நாங்கள் கார்டு என்றே கூப்பிட்டோம். மெட்ராஸ் தமிழில் அவரை மிஞ்ச ஆளில்லை. மயிலாப்பூரிலிருந்து ரயிலேறி வரும் பேங்க் குமாஸ்தா ஒருவர், வீட்டில் டென்னிஸ் ஆடப் போவதாகச் சொல்லி, நம்பிக்கைக்காக மட்டையையும் கையில் கொண்டுவருவார். பிறகு பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் சூப்பர்வைசராக இருந்த என் உயரமான மனிதர். கடைசியாக நான்.

வீட்டில் அம்மா பல நாள் பேசவில்லை. பேசியபோது, "கல்யாணம் ஆகாத பொண்ணு, காலு கையி ஒடஞ்சா எவன் கட்டுவான்?" என்றாள். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த அப்பா, "குதிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா ஒழுங்கா கத்துக்கிட்டு குதி" என்று மட்டும் சொன்னார். குதிப்பதற்கு ஓவரால் தைக்க மேற்குத் தாம்பரத்து டைலரிடம் போனேன். காக்கித் துணியைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா, தம்பிக்கா?" என்றார். எனக்குத்தான் என்றதும் டேப்பை என் கையில் கொடுத்து, என்னையே அளந்துகொள்ளச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அந்த ஓவராலில் ஒரு கால் மற்றதைவிட நீளம்.

மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஏரி ஒன்று பொங்கலுக்குப் பிறகு வற்றத் தொடங்கும். மாசி பங்குனியில் அடி மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். அதுதான் எங்கள் தரை. தண்ணீர் இருக்கும் மாதங்களில் குதிக்க இடமில்லை. அப்போது சர்ச் ஹாலில் கூடிக் குடை மடிக்கப் பழகுவோம், கிழிசல் தைப்போம், மேஜை மேல் ஏறிக் குதித்து உருண்டு விழப் பழகுவோம். ஃபாதர் ஒருமுறை எட்டிப் பார்த்து, நாற்காலிகள் உடையாமல் இருந்தால் சரி என்றார். ஏரி வறண்டதும் சுபேதார் சாருக்குத் தெரிந்த பைலட் ஒருவர் சின்ன விமானத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு போவார். காலையிலேயே குதித்து முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பின் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பும். கிழக்குக் காற்று என்று சுபேதார் சார் சொல்வார். அது வருவதற்குள் எல்லோரும் தரையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

முதல் தடவை குதித்ததைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. கதவில்லாத வாசலில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கவிட்டபோது எனக்கு ஜெபம் எதுவும் ஞாபகம் வரவில்லை. சுபேதார் சார் தோளில் தட்டினார். பிறகு ஒரு இழுப்பு. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. விமானத்தின் இரைச்சல் அவ்வளவு நேரம் காதில் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. எங்கோ கீழே ஒரு நாய் குரைப்பது தெளிவாகக் கேட்டது. நாயின் குரல் அவ்வளவு உயரம் ஏறும் என்று நான் நினைத்ததில்லை. தரையில் உருண்டு எழுந்தபோது கார்டு ஓடிவந்தார்.

"இன்னா மிஸ், எப்டி கீது?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. "அழு அழு, நானும் அழுதேன். பேங்க்காரு வாந்தியே எட்த்தாரு" என்றார் அவர்.

அந்த மழைக்காலத்தில்தான் எனக்கென்று ஒரு குடை கிடைத்தது. அதுவரை இருந்த இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போட்டுக் குதித்துக்கொண்டிருந்தோம். வடக்கே ராணுவம் கழித்துப்போட்ட குடைகளை ஏலத்தில் எடுத்த வியாபாரி ஒருவரிடமிருந்து சுபேதார் சார் ஒரு மூட்டை தருவித்தார். சர்ச் ஹாலில் பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். குடை தேர்ந்தெடுப்பதற்குப் பட்டுப்புடவை எடுப்பதைவிட நேரம் பிடிக்கும். முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். பூஞ்சை வாசனை இருந்தால் ஒதுக்கிவிட வேண்டியதுதான். பிறகு ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் ஊசித் துளைகள் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு பட்டியாக, அதாவது சேர்த்துத் தைத்த ஒவ்வொரு துணித் துண்டாகப் பார்க்க வேண்டும். பிறகு துணியில் வாயை வைத்து ஊத வேண்டும். மூச்சு சுலபமாக அந்தப் பக்கம் போனால் துணி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பேங்க்காரர் ஊதி ஊதித் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்.

நான் எடுத்தது வெள்ளைக் குடை. மற்றவற்றைவிடச் சிறியது. உன் எடைக்குப் பெரிய குடை போட்டால் இறங்காமல் காற்றோடு போய்க்கொண்டே இருப்பாய் என்று சுபேதார் சார் சொன்னார். அதன் பின்பக்கத்தில் இரண்டு பட்டிகளை வெட்டியெடுத்து, ஓரங்களைக் குரோம்பேட்டையில் தோல் தைக்கும் மிஷினில் கொடுத்து மடித்துத் தைத்தோம். அந்த ஓட்டை வழியே காற்று பின்னால் பீறிடும். குடை முன்னால் நகரும். இரண்டு பக்கமும் இழுக்கக் கயிறு வைத்தால் விரும்பிய பக்கம் திருப்பலாம். காற்றை எதிர்த்துக் கொஞ்சம் நிற்கவும் செய்யலாம்.

என் உயரமான மனிதர் எடுத்தது பச்சைக் குடை. மூட்டையிலேயே பெரியது. அதை வெட்ட அவர் சம்மதிக்கவில்லை.

"வெட்டுப்பா. ஓட்டை இல்லாத குடை காத்து போற பக்கந்தான் போகும்" என்றார் சுபேதார் சார்.

"எனக்கு முட்டி சரியில்ல சார். ஹாக்கில அடிபட்டது, அன்னிக்கு அந்த பாட்மிண்டன் கோர்ட்ல இன்னும் கெட்டுப்போச்சு. வெட்டின குடை வேகமா எறக்குது. இது மெத்தையில வைக்கிற மாதிரி வைக்கும்."

சுபேதார் சார் யோசித்துத் தலையாட்டினார். காரணம் நியாயமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு முழுப் பருவம் அவர் அதில் குதித்தார். ஒவ்வொரு முறையும் அது அவரை அப்படித்தான் இறக்கியது.

அடுத்த ஆண்டு எங்களுக்குக் கல்யாணம். சர்ச் ஹாலிலேயே விருந்து. எங்கள் குடைகளை விட்டத்திலிருந்து கட்டிப் பந்தலாக்கியிருந்தார்கள், அவருடையது ஒரு பக்கம், என்னுடையது ஒரு பக்கம். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, அழகாய்த்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். சுற்றிலும் காலி மனைகள். சனிக்கிழமை இரவு இரண்டு பேரும் கூடத்தில் நீளமாகக் குடையை விரித்து மடிப்போம். அவர் கயிறுகளைப் பிரித்துப் பிடிப்பார், நான் பட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நீவுவேன். மடிக்கும்போது பேசக் கூடாது என்பது சுபேதார் சாரின் இன்னொரு சட்டம். அந்த மௌனத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் என்ன, இன்னும் எவ்வளவோ சனிக்கிழமைகள் இருக்கின்றன என்று இருந்துவிட்டேன்.

கல்யாணமாகி இரண்டாவது பங்குனி. அன்று விமானம் கிளம்பத் தாமதமாயிற்று. முதல் நடையில் நானும் பேங்க்காரரும் குதித்து இறங்கிவிட்டோம். இரண்டாம் நடையில் என் கணவரும் கார்டும். காற்று இல்லை. தரையில் சுபேதார் சாரோடு நாங்கள் கொளுத்திய வைக்கோலின் புகை நேராக மேலே போனது. கார்டு முதலில் குதித்தார். அடுத்த சுற்றில் அவர். பச்சைக் குடை விரிந்ததைப் பார்த்துவிட்டு நான் என் கயிறுகளைச் சேர்க்கக் குனிந்தேன்.

பேங்க்காரர், "காத்து" என்றார்.

புகை படுத்துவிட்டிருந்தது. கரையில் நின்ற பனைகள் எல்லாம் ஒரே சமயத்தில் சலசலத்தன. கிழக்குக் காற்று அன்று நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கார்டு தாழ்ந்துவிட்டதால் ஏரிக்குள்ளேயே விழுந்து இழுபட்டுப் போய் நின்றார். என் கணவர் இன்னும் உயரத்தில் இருந்தார். குடை மேற்கே நகரத் தொடங்கியது. அவர் ஒரு பக்கத்துக் கயிறுகளைக் கையால் பிடித்து இழுப்பது தெரிந்தது. குடை சாய்ந்தது, ஆனால் போகும் திசை மாறவில்லை. ஏரிக்கரை, முள்வேலி, கொல்லை எல்லாவற்றையும் தாண்டி நன்மங்கலம் குன்றின் பக்கம் போனது. அங்கே கல்குவாரி.

நான் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. எனக்கு முன்னால் சுபேதார் சார் ஓடிக்கொண்டிருந்தார். அவர் முதுகு வளைந்து நான் பார்த்தது அன்றுதான். குவாரி விளிம்பில் கால் வைத்தாராம் என் கணவர். நின்றுகூட இருப்பார். குடையில் காற்று நிறைந்து அவரைப் பின்பக்கமாக உள்ளே இழுத்துவிட்டது. கீழே உடைத்துப் போட்ட கற்கள்.

நாங்கள் போய்ச் சேரும்போது கல் உடைக்கும் ஆட்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெண்மணி தன் முந்தானையை நனைத்து அவர் வாயில் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

"என் காலு மடங்கிக் கெடக்குது. கொஞ்சம் நீட்டி விடேன்" என்றார்.

கால்கள் இரண்டும் நேராக நீட்டித்தான் இருந்தன.

அவர் காலைத் தொட்டு, "நீட்டிட்டேங்க" என்றேன்.

"இப்ப பரவால்ல" என்றார்.

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தாள். "அம்மா, நீ தலைய கெட்டியா புட்ச்சிக்கோ. நாங்க பலகை எட்த்தாறோம்" என்றாள். ஒரு மரப்பலகையில் கிடத்தி அவர்கள்தான் மேலே தூக்கி வந்தார்கள். கல் லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் என்னிடம் சொல்வதற்கு முன் சுபேதார் சாரிடம் சொல்லிவிட்டார். அவர் வராந்தாவின் கடைசிவரை போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ரத்தம் கொடுத்தது நண்பர்கள்தான். முறை வைத்து இரவு தங்கியதும் அவர்கள்தான். பேங்க்காரர் மனைவியிடம் உண்மையைச் சொல்லி, அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு, மறுநாள் அவளையே கூட்டிக்கொண்டு வந்தார். அவள் எனக்கு ரசம் சாதம் ஊட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து குடைகளைப் பற்றிப் பேசுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றி, எங்கோ வெளிநாட்டில் சதுரமான குடை வந்திருக்கிறதாம் என்று. அவரும் கேட்பார், சிரிப்பார். அவர்கள் போன பிறகு ஜன்னலைச் சாத்தச் சொல்வார். மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் எங்கள் வீட்டுக்கு மேலே போகும். அந்தச் சத்தம் வேண்டாம் என்பார். ஆனி ஆடி வெயிலில் ஜன்னலைச் சாத்தினால் அந்த அறையில் மூச்சு விட முடியாது. சாத்திவிட்டு நானும் உள்ளேயே இருப்பேன்.

நான் பள்ளிக்குப் போய்வந்தேன். ஏழாம் வகுப்புக்குக் கடற்காற்றும் நிலக்காற்றும் பாடம் உண்டு. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, அதனால் கடலிலிருந்து காற்று வீசுகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட வேண்டும். அந்த வருஷம் என்னால் அந்த அம்பைப் போட முடியவில்லை. அடுத்த வகுப்பு டீச்சரிடம் அந்தப் பாடத்தை மட்டும் எடுக்கச் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வரும்போது அவளாகவே வந்துவிடுவாள்.

மறு வருஷம் மாசி பிறந்தபோது அவர் ஆரம்பித்தார்.

"ஏரி வத்தியிருக்கும். நீ போய் குதிச்சிட்டு வா."

"எனக்கு வேணாங்க."

"எனக்காகத்தான சொல்றேன். உன் குடை சும்மா கெடந்து பாழாப் போகுது. என் பங்குக்கும் சேத்துப் பாத்துட்டு வா."

தினமும் சொன்னார். கார்டிடமும் சொல்லிவைத்திருந்தார். ஒரு ஞாயிறு விடியற்காலை கார்டு ஸ்கூட்டரோடு வாசலில் வந்து நின்றார். என் தங்கை அவரைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள். ஓவராலை அவளிடம் எடுக்கச் சொல்லித் தன் பக்கத்தில் வைத்திருந்த என் கணவர், "போ" என்றார்.

போனேன். குதித்தேன்.

வெள்ளைக் குடை மேலே விரிந்தது. அந்தச் சத்தமில்லாத இடத்துக்கு மறுபடி போய்ச் சேர்ந்தேன். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, அதற்கும் அப்பால் கடலின் கோடு, தெற்கே வண்டலூர்க் குன்றுகள், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு வருஷமாக என் தோளில் எவ்வளவு கனம் இருந்தது என்பது அது இறங்கிய அந்தச் சில நிமிஷங்களில்தான் தெரிந்தது. நன்மங்கலம் பக்கம் மட்டும் நான் திரும்பவில்லை. ஏரியின் நடுவில் சுத்தமாக இறங்கினேன். கார்டும் பேங்க்காரரும் கைதட்டினார்கள். வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோதும் பேசிக்கொண்டேதான் நுழைந்தேன். "அவ்வளவு தெளிவா இருந்துச்சுங்க இன்னிக்கு, கடல் வரைக்கும் தெரிஞ்சுது. நான் எங்க எறங்கினேன் தெரியுமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை மட்டும் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்ப முடிந்தது அவ்வளவுதான்.

தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

பல நாள் அவர் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு வேண்டும், வேண்டாம் என்பதோடு சரி. அடுத்த ஞாயிறு நண்பர்கள் வந்தபோது, "தூங்குறேன்னு சொல்லிடு" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். அப்புறம் ஒருநாள், "இனிமே அவங்கள வர வேணாம்னு சொல்லிடு" என்றார்.

வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நான்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சுபேதார் சார், பேங்க்காரர், கார்டு, மூவரும் தெருவில் நின்றார்கள். கார்டு கையில் கேக் டப்பா.

"அவருக்கு மனசு சரியில்ல. கொஞ்ச நாளைக்கு..." என்றேன்.

"கொஞ்ச நாளைக்கா, மிஸ்?" என்றார் கார்டு.

சுபேதார் சார் அவர் தோளில் கை வைத்துத் திருப்பிக் கூட்டிப்போனார். கேக் டப்பாவைக் கேட் தூணின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அவர் கேட்டார். "உன் குடை எங்க இருக்கு?"

"பரண் மேல."

"எறக்கி வெட்டிடு."

நான் நின்றேன்.

"வெட்டி ஏதாவது தைச்சுக்கோ. ஜன்னலுக்குப் போடு. எதுக்காவது ஆகட்டும்."

"உங்களுக்காகத்தான போனேன்" என்றேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

"தெரியும். வெட்டிடு."

கூடத்தில் விரித்தேன். கட்டிலிலிருந்து அறை வாசல் வழியே அவருக்குத் தெரியும்படிதான் விரித்தேன். முதலில் கயிறுகளை அறுத்தேன். பிறகு தையலைப் பிரித்து ஒவ்வொரு பட்டியாகக் கிழித்தேன். நைலான் கிழியும் சத்தம் நீளமானது. முடியும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கவில்லை. நானும் துடைத்துவிடவில்லை.

அந்தத் துணி ஜன்னலுக்குப் போகவில்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க அவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். உயரமான மனிதர், என் ஒருத்தியால் முடியாது. வீட்டுக்கு வந்து மருந்து கட்டும் நர்ஸ் அக்கா ஒருநாள் அந்தத் துண்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத மெத்தைக்கும் போர்வைக்கும் நடுவுல போடும்மா. வழுக்கும். போர்வையப் புடிச்சு இழுத்தா ஆள் தானா நகருவாரு" என்றாள். இரண்டு பட்டிகளைச் சேர்த்துத் தைத்துப் போட்டேன். அவள் சொன்னபடியே ஆயிற்று. அவரைப் புரட்டுவது அதற்குப் பிறகு சுலபமாகிவிட்டது. அடியில் என்ன போட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் அதன் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டு, "நல்ல துணி" என்றார்.

அப்படியே வருஷங்கள் போயின. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மா ஒருமுறை, உனக்கு என்ன வயசாச்சு என்று எதையோ சொல்ல ஆரம்பித்தாள். நான் எழுந்து போய்விட்டேன். நான் அவரை வெறுக்கவில்லை. அவர் எரிந்துவிழுந்த நாட்களும் உண்டு. நான் பள்ளியிலிருந்து வர நேரமானால் வாசலையே பார்த்துக்கொண்டு, வந்ததும் சிறுபிள்ளை போலச் சிரித்த நாட்களும் உண்டு. டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்போம். நான் திருத்தும் பரீட்சைப் பேப்பர்களில் வேடிக்கையான பதில்களை வாசித்துக் காட்டச் சொல்வார். குடைகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நண்பர்களின் பெயரை யாரும் எடுப்பதில்லை.

எழுபதுகளின் கடைசியில் அவருக்குச் சிறுநீரகத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கு அடங்கியது, மறுபடி வந்தது. இந்த முறை அடங்காது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் மத்தியானம் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தவர் பேசினார்.

"அன்னிக்கு நீ சிரிச்சுக்கிட்டே வந்த."

எந்த நாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"நான்தான் போகச் சொன்னேன். சந்தோஷமா வரணும்னுதான் அனுப்பினேன். ஆனா நீ அப்படி வந்தப்ப எனக்குப் பொறுக்கல."

"விடுங்க, அதெல்லாம் போச்சு."

"போகல. அதுக்கப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பாக்கவே இல்ல. பாக்கணும்னு எத்தனையோ நாள் காத்துக்கிட்டு இருந்தேன். கேக்க வாய் வரல."

அவர் கையை என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். சிரித்துக் காட்டலாம் என்று முயன்றேன். என்னால் முடியவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

அந்த மாதமே போய்விட்டார்.

தங்கையின் கணவர் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். உறவுக்காரர்கள் வருவதற்குள் அவர்கள் மூவரும் வந்துவிட்டார்கள். சுபேதார் சாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மூவரும் வாசலிலேயே, நான் முன்பு அவர்களை நிறுத்திய அதே கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். நான் போய்க் கேட்டைத் திறந்து, "உள்ள வாங்க" என்றேன். கார்டு என்னைத் தாண்டி நேராக அறைக்குள் போய் அவர் காலடியில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். பெட்டியைத் தூக்கியவர்களில் மூவர் அவர்கள். சர்ச்சிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை தோள் மாற்றிக்கொள்ளவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, உறவுக்காரர்கள் கூடத்தில் இருக்க, அவர்கள் பின்கட்டில் உட்கார்ந்தார்கள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் மெதுவாகத்தான் பேசினார்கள். பேங்க்காரர் ஏதோ சொன்னார். என் கணவர் பாட்மிண்டன் கோர்ட்டில் விழுந்த கதை.

"அது காத்து இல்ல சார், வேணும்னே போனான். மேலேர்ந்து டீச்சருங்களப் பாத்துட்டான்."

"சும்மா இரு மச்சான். அவனுக்கு லெப்ட்டு ரைட்டே தெரியாது அப்ப" என்றார் கார்டு.

சுபேதார் சார் சிரித்தார். பிறகு மூவரும் சிரித்தார்கள். பல வருஷமாக என் வீட்டில் அந்தப் பேச்சு கேட்டதில்லை. டீத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்று அழுதேன். இவ்வளவு பேர் அவரை வைத்துக்கொள்ளக் காத்திருந்திருக்கிறார்கள். அவருக்கும் இவர்கள் வேண்டியிருந்தார்கள். நடுவில் ஒரு கேட்டுக் கதவு மட்டுமே இருந்தது.

போகும்போது சுபேதார் சார் கேட்டார், "நீ திரும்பி வர்றியாம்மா? உனக்கு ஒரு குடை பாக்கலாம்."

"இல்ல சார்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அவர்கள் அடிக்கடி வந்தார்கள். ஆனால் கூட்டம் அதிக நாள் நிலைக்கவில்லை. பேங்க்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. விமானம் ஓட்டிய பைலட் வேறு ஊருக்குப் போனார். சுபேதார் சார் மகளோடு இருக்க வேலூருக்குக் குடிபெயர்ந்தார். கார்டின் அண்ணன் தம்பி எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தார்கள். கடைசியில் அவரும் கிளம்பினார்.

மீனம்பாக்கத்தில் வழியனுப்பப் போனேன். கோட்டு போட்டுக்கொண்டு வேர்த்துப்போய் நின்றார்.

"அங்க குதிக்கிற கிளப்பு நெறைய கீதாம் மிஸ்" என்றார்.

"குதிப்பீங்களா?"

"தெரியல. தனியா போய் இன்னா பண்றது?" என்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தைரியமா இரு மிஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

விமானம் கிளம்பும்வரை இருக்கவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்து வந்து தாம்பரம் வண்டியில் ஏறினேன். ஆபீஸ் விடும் நேரம், கூட்டம். குரோம்பேட்டைக்கு இரண்டு மூன்று ஸ்டேஷன்தான், ஆனால் என்னால் நிற்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னிலையிலும் அழுதேன். ஜன்னலோரம் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.